ஒழுகும் கூரையும் ஒரு மாத விசாவும்

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி:

ஜார்க்கண்ட் மாநிலத்தின் மலையோரக் கிராமம் ஒன்றில், கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் பழங்குடி மாணவியர் விடுதி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அறுபது ஆண்டுகளுக்கு முன்பு எழும்பிய கட்டடம். ஓடுகள் சரிந்துவிட்டன. ஜூன் மாதம் மழை தொடங்கிவிட்டால் பாதிப் படுக்கைகளைச் சுவரோரம் நகர்த்திப் போட வேண்டும். கடல் கடந்த நாடொன்றில், ஒரு பங்கு ஆலயத்தைச் சேர்ந்த பெண்கள் சங்கம் இந்தச் செய்தியைக் கேள்விப்படுகிறது. பன்னிரண்டு பெண்கள் சொந்தச் செலவில் வந்து, ஓடு மாற்றி, சுவர் பூசி, வெள்ளையடித்துத் தர முன்வருகிறார்கள். ஊரில் விருந்து நடத்தியும் கைவினைப் பொருள் விற்றும் கொஞ்சம் பணமும் திரட்டி வைத்திருக்கிறார்கள்.

விடுதியும் பெண்களும் உதாரணத்துக்காகச் சொல்லப்பட்டவை. ஆனால் இப்படிப்பட்ட பயணங்கள் மேலை நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில் நெடுங்கால வழக்கம். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் உள்ள மறைப்பணித் தளங்களுக்குச் சென்று, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் மராமத்து வேலை செய்து திரும்புவதை அங்குள்ள பெண்கள் சங்கங்கள் ஒரு தொண்டாகக் கருதுகின்றன. அந்தப் பயணத்தின் எல்லை இந்தியாவாக இருந்தால் என்ன நடக்கும் என்பதே கேள்வி.

பதில் மூன்று பகுதிகளாகக் கிடைக்கிறது. அவர்களுடைய கைகளுக்கு ஒரு சட்டம்; அவர்கள் கொண்டுவரும் பணத்துக்கு இன்னொரு சட்டம்; அந்தப் பணத்தில் சீரான கட்டடத்துக்கு அதே சட்டத்தின் வேறொரு பிரிவு. இவற்றில் முதலாவது எளிது, இரண்டாவது கடினம், மூன்றாவதைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை.

கைகளுக்கு ஒரு மாதம்

வெளிநாட்டவர் சுற்றுலா விசாவில் வந்து தொண்டு வேலை செய்யலாமா என்ற ஐயம் முன்பு பலருக்கு இருந்தது. தற்போதைய விதிகள் அதற்கு இடம் தருகின்றன. அதிகபட்சம் ஒரு மாதம். ஊதியமோ வேறு எந்தக் கைம்மாறோ பெறக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சுற்றுலா விசாவிலேயே குறுகிய காலத் தன்னார்வப் பணி செய்யலாம். ஒரு கூரையை மாற்ற ஒரு மாதம் போதும். ஆகவே பன்னிரண்டு பெண்களின் உழைப்புக்குத் தில்லி தடை சொல்லவில்லை.

ஆனால் அவர்கள் மறைப்பணியாளர்கள் அல்லர் என்பது தெளிவாக இருக்க வேண்டும். மறைப்பணிக்கென்று தனி விசா உண்டு. மதமாற்ற நோக்கம் இல்லாத மறைப்பணியை மட்டுமே நோக்கமாகக் கொண்டு வருபவர்களுக்கு அது வழங்கப்படுகிறது. மற்ற விசாக்களில் வருபவர்கள் வழிபாட்டுத் தலங்களுக்குச் செல்லலாம், வழக்கமான வழிபாட்டில் கலந்துகொள்ளலாம். அங்கே சமயக் கருத்துகளைப் போதிக்கவோ, சொற்பொழிவாற்றவோ, துண்டறிக்கை வழங்கவோ கூடாது. ஞாயிறு திருப்பலியில் அமர்ந்திருக்கலாம். பலிபீடத்தின் அருகே நின்று உரையாற்றுவது விசா நிபந்தனையை மீறுவதாகும்.

வந்தவர்களில் ஒருவர் கேரள வம்சாவளியினர், வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகள் அட்டை வைத்திருப்பவர் என்றால் அவருக்கும் ஒரு விதி உண்டு. 2021-ம் ஆண்டு மார்ச் மாதம் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, அந்த அட்டை வைத்திருப்பவர்கள் மறைப்பணி, இதழியல், ஆராய்ச்சி போன்றவற்றில் ஈடுபடச் சிறப்பு அனுமதி பெற வேண்டும். ஓடு மாற்றுவது மறைப்பணியா, வெறும் மராமத்தா என்று விளக்கம் சொல்ல வேண்டிய நிலை அவருக்கு வரலாம்.

2025-ம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், அவ்வாண்டு செப்டம்பர் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களுக்கு மாற்றாக வந்த சட்டம் அது. விசா நிபந்தனையை மீறுவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அதில் இடம் உண்டு. வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர்கள் அதிகாரிகளுக்குத் தகவல் அளிக்கும் கடமையும் தொடர்கிறது. கன்னியர் மடத்தின் விருந்தினர் அறையில் தங்கினாலும் விடுதி அறையில் தங்கினாலும் கணக்கு ஒன்றுதான்.

விடுதி வடகிழக்கில் இருந்தால் இன்னொரு படியும் உண்டு. மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து மாநிலங்களுக்குச் செல்லும் வெளிநாட்டவருக்கு அளிக்கப்பட்டிருந்த தளர்வு 2024-ம் ஆண்டு டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது. விசாவுக்கு மேலாகப் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான அனுமதியும் பெற்றாக வேண்டும்.

பணத்துக்கு ஒரே கிளை

இதுவரை பேசியது கைகளைப் பற்றி. ஓடும் மரச்சட்டமும் சிமெண்டும் வாங்கப் பணம் வேண்டும். இங்குதான் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கிடுகிறது.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ம் ஆண்டு, முதன்முதலாக இயற்றப்பட்ட சட்டம் இது. 2010-ம் ஆண்டு அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேறி, 2011-ம் ஆண்டு மே 1-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டவர் அளிக்கும் பொருள், பணம், பங்குப் பத்திரம் ஆகிய மூன்றையும் இச்சட்டம் வெளிநாட்டு நன்கொடை என்று கொள்கிறது. உடலுழைப்பைப் பற்றிய சொல் அந்த வரையறையில் இல்லை. ஆகவே, பன்னிரண்டு பெண்கள் கூரை மீது ஏறி ஓடு அடுக்குவது நன்கொடை ஆகாது. ஆனால் அவர்களில் ஒருவர் அருகிலுள்ள கடைக்குச் சென்று, இந்திய ரூபாயைக் கொடுத்து, நூறு ஓடுகளை வாங்கி விடுதியிடம் ஒப்படைத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. கொடுத்தவர் வெளிநாட்டுக் குடிமகள் என்பதே அளவுகோல். நோட்டு எந்த நாட்டுடையது என்பதல்ல.

அந்த ஓடுகளைப் பெற்றுக்கொள்ள விடுதி நடத்தும் சங்கத்துக்கு உள்துறை அமைச்சகத்தின் பதிவு வேண்டும். பதிவு பெறச் சங்கம் மூன்றாண்டுகளாவது இயங்கியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் தன் நோக்கங்களுக்காக ரூ. 15 லட்சமாவது செலவிட்டிருக்க வேண்டும். முன்பு ரூ. 10 லட்சமாக இருந்த இந்த வரம்பு 2020-ம் ஆண்டு உயர்த்தப்பட்டது. மலைக்கிராமத்தில் நாற்பது மாணவியரை வைத்துக்கொண்டு, அரிசியும் காய்கறியும் ஊர் மக்களிடம் பெற்று நடத்தும் விடுதிக்கு இந்த வரம்பு எட்டாமல் போகலாம். அப்போது முன் அனுமதி என்ற இன்னொரு வழி உண்டு. குறிப்பிட்ட நன்கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட நோக்கம் என்று மூன்றையும் தெரிவித்து, நன்கொடையாளரின் உறுதிக் கடிதத்துடன் விண்ணப்பிக்க வேண்டும்.

பதிவு இருந்தாலும் பணம் எந்த வங்கிக்கும் நேராக வந்துவிட முடியாது. 2020-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நாடு முழுவதிலும் உள்ள எல்லா அமைப்புகளுக்கும் வரும் வெளிநாட்டு நன்கொடை, பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கே முதலில் வர வேண்டும். நாடாளுமன்ற வீதியில் இருக்கிறது அந்தக் கிளை. கணக்குத் தொடங்க யாரும் தில்லிக்கு வர வேண்டியதில்லை. உள்ளூர் கிளை மூலமாகவே விண்ணப்பிக்கலாம். வந்த பணத்தைப் பிறகு வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளவும் தடை இல்லை. ஆனால் முதல் வாசல் அது ஒன்றுதான்.

கோல் டாக்கானா அருகே திரு இருதயப் பேராலயமும் கத்தோலிக்க ஆயர் பேரவையின் தலைமையகமும் இருக்கின்றன. அங்கிருந்து அசோகா சாலை வழியே நாடாளுமன்ற வீதிக்கு நடந்தே வந்துவிடலாம். அந்த வீதியின் மறுமுனையில் நாடாளுமன்றம். ஜார்க்கண்ட் விடுதியின் கூரைக்கான சட்டமும் பணமும் ஆயர்களின் முறையீடுகளும் தலைநகரின் இந்தச் சிறு வட்டத்துக்குள்தான் சுற்றி வருகின்றன.

நான்கு நாளில் நிறைவேறிய திருத்தம்

இந்தத் திருத்தம் நிறைவேறிய விதத்தையும் நினைவுகூர வேண்டும். கொரோனா காலத்து மழைக்காலக் கூட்டத்தொடரில், 2020-ம் ஆண்டு செப்டம்பர் 20-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மசோதா மக்களவையில் அறிமுகமானது. மறுநாள் அங்கே நிறைவேறியது. 23-ம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. வேளாண் மசோதாக்கள் தொடர்பான அமளியில் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டதை எதிர்த்து எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நாள் அது. அன்றே கூட்டத்தொடரும் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. செப்டம்பர் 29-ம் தேதி திருத்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது. நிலைக்குழுவின் பரிசீலனைக்கு அது அனுப்பப்படவில்லை.

அந்தத் திருத்தத்தில் சிறு அமைப்புகளை அதிகம் பாதித்தது வங்கி விதி அல்ல. நன்கொடையைக் கைமாற்றுவதற்கு விதிக்கப்பட்ட தடைதான். அதற்கு முன்பு, பெரிய மறைமாவட்டச் சங்கம் ஒன்று வெளிநாட்டு நன்கொடையைப் பெற்று, பதிவு பெற்ற சிறு மடங்களுக்குப் பிரித்துத் தரலாம். கணக்கு எழுத ஆள் வசதியுள்ள இடத்தில் பணம் வந்து, தேவையுள்ள இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வழி அடைபட்டது. பெரிய சங்கம் தானே கொத்தனாரை அமர்த்தி, தன் சொந்தத் திட்டமாக அந்தக் கூரையை மாற்றலாம். விடுதி நடத்தும் சங்கத்திடம் பணத்தைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொல்ல முடியாது.

நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இதிலும் மராமத்துக்கு ஓர் இடம் உண்டு. ஓர் அமைப்பு எந்தக் கட்டடத்தில் இருந்து இயங்குகிறதோ அந்தக் கட்டடத்தின் பழுதுபார்ப்புச் செலவு, மின் கட்டணம், தொலைபேசிக் கட்டணம் ஆகியவற்றோடு சேர்த்து நிர்வாகச் செலவாகவே விதிகளில் எண்ணப்படுகிறது. மாணவியர் உறங்கும் அறையின் கூரை சேவைத் திட்டம். அதே வளாகத்தில் கணக்குப் புத்தகம் இருக்கும் அறையின் கூரை நிர்வாகம். மழைக்கு அந்த வேறுபாடு தெரியாவிட்டாலும் தணிக்கையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டடம் யாருடையது?

மூன்றாவது பகுதி கட்டடத்தைப் பற்றியது. பதிவு ஐந்தாண்டுகளுக்கே செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவு ரத்து செய்யப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2010-ம் ஆண்டுச் சட்டத்தின் 15-ம் பிரிவு சொல்கிறது. ரத்தான அமைப்பின் கையில் உள்ள வெளிநாட்டு நன்கொடையும், அந்த நன்கொடையால் உருவாக்கப்பட்ட சொத்துகளும் அரசு குறிப்பிடும் அதிகார அமைப்பின் வசம் சென்றுவிடும். அமைப்பு மீண்டும் பதிவு பெற்றால் சொத்து திரும்பக் கிடைக்கும். பதிவைத் தாமாகவே ஒப்படைக்கும் அமைப்புகளுக்கும் 2020-ம் ஆண்டுத் திருத்தம் இதை விரிவுபடுத்தியது.

ஆகவே வெளிநாட்டுப் பணத்தில் கட்டப்பட்ட ஒவ்வொரு பள்ளிக்கும் விடுதிக்கும் மருத்துவமனைக்கும் சுவர், கூரை ஆகியவற்றோடு கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது தாங்குதூண் ஒன்று இருக்கிறது. அது உள்துறை அமைச்சகத்தின் பதிவேட்டில் உள்ள ஒரு வரி. அடித்தளம் ஊர் மக்கள் கொடுத்த நிலத்தில், உள்ளூர் பணத்தில்; கூரை மட்டும் வெளிநாட்டுப் பெண்கள் கொடுத்த பணத்தில் என்றால், எந்த அளவுக்கு அது வெளிநாட்டுச் சொத்து? கலப்புச் சொத்தின் கணக்கைத் தனித்தனியாக எழுதி வைக்காத மடங்கள் இந்தக் கேள்விக்குத் திணறும்.

இது வெறும் கற்பனை அச்சம் அல்ல. 2022-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதி மட்டும் 5,900-க்கும் மேற்பட்ட அமைப்புகள் பதிவை இழந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை உரிய காலத்தில் புதுப்பிக்க விண்ணப்பிக்காதவை. பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் பதிவு ரத்தான அமைப்புகளின் எண்ணிக்கை 20,000-ஐத் தாண்டிவிட்டது. இவற்றில் எல்லாச் சமயத்தினரும் உண்டு, எச்சமயமும் சாராதவர்களும் உண்டு.

உலகம் அறிந்த உதாரணம் அன்னை தெரசா தொடங்கிய மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி சபை. தகுதி நிபந்தனைகளை நிறைவு செய்யவில்லை என்று கூறி, அதன் பதிவைப் புதுப்பிக்க 2021-ம் ஆண்டு டிசம்பர் 25-ம் தேதி உள்துறை அமைச்சகம் மறுத்தது. கிறிஸ்துமஸ் நாளில் வந்த அந்த முடிவு பெரும் விவாதமானது. வங்கிக் கணக்குகளைத் தாங்கள் முடக்கவில்லை என்று அமைச்சகம் விளக்கம் அளித்தது. 2022-ம் ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில் பதிவு மீண்டும் கிடைத்தது. உலகப் புகழ் பெற்ற சபைக்கு இரண்டு வாரங்களுக்குள் தீர்ந்த சிக்கல், பெயர் தெரியாத மலைக்கிராம மடத்துக்கு அதே வேகத்தில் தீருமா என்பதே அப்போது எழுந்த கேள்வி.

அரசின் வாதம்

அரசுத் தரப்பின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட பதிலின்படி, 2021-22-ம் நிதியாண்டில் மட்டும் இச்சட்டத்தின் கீழ் நாட்டுக்குள் வந்த தொகை ரூ. 22,085 கோடி. இவ்வளவு பெரிய தொகை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வது எந்த இறையாண்மை அரசுக்கும் கடமை. ஓர் அமைப்பு பெற்று, இன்னோர் அமைப்புக்கு மாற்றி, அது மூன்றாவது அமைப்புக்கு மாற்றும்போது செலவின் தடம் மறைந்துவிடுகிறது என்பது திருத்தத்துக்கு அரசு சொன்ன காரணங்களுள் ஒன்று.

திருத்தங்களை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், நீதிபதி ஏ.எம்.கான்வில்கர் தலைமையிலான மூவர் அமர்வு 2022-ம் ஆண்டு ஏப்ரல் 8-ம் தேதி அவற்றைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. வெளிநாட்டு நன்கொடை பெறுவது முழுமையான உரிமை ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். நிர்வாகிகள் ஆதார் எண்ணைத் தந்தே ஆக வேண்டும் என்பதை மட்டும் தளர்த்தி, இந்தியக் கடவுச்சீட்டையும் ஏற்கலாம் என்றது.

மறைப்பணியாளர் பற்றிய ஐயமும் இன்று பிறந்ததல்ல. பழைய மத்தியப் பிரதேச அரசு அமைத்த நியோகி குழு 1956-ம் ஆண்டிலேயே, மதமாற்றத்தை முதன்மை நோக்கமாகக் கொண்ட வெளிநாட்டு மறைப்பணியாளர்களைத் திருப்பி அனுப்பலாம் என்று பரிந்துரைத்திருந்தது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் தில்லி இந்த விஷயத்தில் எச்சரிக்கையாகவே நடந்து வந்திருக்கிறது. 1976-ம் ஆண்டுச் சட்டமும் 2010-ம் ஆண்டுச் சட்டமும் காங்கிரஸ் ஆட்சிக் காலங்களில் வந்தவை என்பதை மறந்துவிடக் கூடாது.

மோகாமாவில் ஆறு பெண்கள்

இந்தச் சட்டங்களுக்கு முந்தைய காலத்தில் வெளிநாட்டுக் கத்தோலிக்கப் பெண்கள் இங்கு என்ன செய்தார்கள்?

நாடு விடுதலை பெற்ற சில மாதங்களில், 1947-ம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலிருந்து ஆறு அருட்சகோதரிகள் பிகாரில் கங்கைக் கரையில் உள்ள மோகாமாவுக்கு வந்து சேர்ந்தனர். 1812-ம் ஆண்டு தொடங்கப்பட்ட நாசரேத் அறச் சகோதரிகள் சபையைச் சேர்ந்தவர்கள். பாட்னா ஏசு சபையினரின் அழைப்பை ஏற்று மருத்துவமனை தொடங்க வந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது கைவிடப்பட்ட ஒரு பழைய கட்டடம். அதைச் சுத்தம் செய்து, பழுது நீக்கி, மருத்துவமனையாக மாற்றினார்கள். அடுத்த ஆண்டே நாசரேத் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. செவிலியர் பயிற்சியும் தொடங்கியது. அந்தப் பயிற்சிக்குக் கேரளத்திலிருந்து இளம்பெண்கள் ரயிலேறி வந்தார்கள். அவர்களுள் ஒருவரின் மகளான ஜோதி தோட்டம் 2022-ம் ஆண்டு வெளியிட்ட நூல் இந்த வரலாற்றை விரிவாகச் சொல்கிறது.

தலைநகரிலேயே இன்னொரு சான்று உண்டு. ஆஸ்திரியாவைச் சேர்ந்த மருத்துவர் அன்னா டெங்கல், பிரிவினைக்கு முந்தைய ராவல்பிண்டியில் பணியாற்றியபோது, ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாத பெண்கள் சிகிச்சையின்றி இறப்பதைக் கண்டார். அருட்சகோதரிகள் அறுவைச் சிகிச்சையும் பிரசவ மருத்துவமும் செய்யத் திருச்சபைச் சட்டம் அன்று தடை விதித்திருந்தது. அவர் 1925-ம் ஆண்டு வாஷிங்டனில் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். 1936-ம் ஆண்டு ரோம் அந்தத் தடையை நீக்கியது. அந்தச் சபையினர் 1953-ம் ஆண்டு தில்லி ஓக்லாவில் நிறுவியதே திருக்குடும்ப மருத்துவமனை. இன்று அது தில்லி உயர் மறைமாவட்டத்தின் நிர்வாகத்தில் இயங்குகிறது.

இந்த இரண்டு வரலாறுகளிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வந்த பெண்கள் ஒரு மாதத்தில் திரும்பிவிடவில்லை. கட்டடத்தைச் சீர்செய்தது தொடக்கம் மட்டுமே. மொழி கற்று, இங்குள்ள பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, நிர்வாகத்தை அவர்கள் கையில் ஒப்படைத்த பிறகே அந்தப் பணி நிறைவடைந்தது.

ஓடு மாற்றத் தெரிந்தவர் யார்?

இன்றைய குறுகிய காலப் பயணங்களைப் பற்றி மேலை நாட்டுத் திருச்சபைக்குள்ளேயே விமர்சனம் உண்டு. ஒருவருடைய விமானக் கட்டணத்தைக் கொண்டு உள்ளூர் கொத்தனார் ஒருவருக்குப் பல வாரக் கூலி கொடுத்துவிடலாம். கூரை வேலையில் பழக்கம் இல்லாதவர் அடுக்கிய ஓட்டை, அவர் ஊர் திரும்பிய பிறகு கொத்தனார் மறுபடியும் அடுக்க நேரலாம். ஜார்க்கண்டில் கட்டட வேலை செய்யும் பெண்ணுக்கு ரேஜா என்று பெயர். செங்கல் சுமக்கவும் சாந்து குழைக்கவும் சுவர் மெழுகவும் அவர்களைவிடத் தெரிந்தவர்கள் வெளிநாட்டிலிருந்து வரப்போவதில்லை. அவர்களுடைய கூலியைத் தன்னார்வம் பறித்துவிடக் கூடாது.

பணியை நடத்தத் தெரிந்தவர்களும் இங்கே இல்லாமல் இல்லை. 1897-ம் ஆண்டு ராஞ்சியில் பெர்னதெத் கிஸ்போட்டா என்ற ஒராவோன் பழங்குடிப் பெண், மூன்று தோழியருடன் சேர்ந்து புனித அன்னாவின் புதல்வியர் சபையைத் தொடங்கினார். வெளிநாட்டு மடங்களில் படித்த பெண்கள், தங்கள் மக்களுக்காகத் தாங்களே தொடங்கிய சபை அது. இன்று இந்தியத் திருச்சபையில் அருட்சகோதரிகளின் எண்ணிக்கை ஆண் துறவியரின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு. சிற்றூர்களில் பள்ளியையும் மருந்தகத்தையும் விடுதியையும் நடத்துபவர்கள் பெரும்பாலும் அவர்களே. ஆனால் மறைமாவட்ட நிதிக்குழுக்களில் கையெழுத்திடும் அதிகாரம் பெரும்பாலும் குருக்களிடமே இருக்கிறது. பெண்களுக்குச் சம பங்கு வேண்டும் என்று ஆயர் பேரவை 2010-ம் ஆண்டு பாலினக் கொள்கை வெளியிட்டது. எந்தக் கூரையை முதலில் மாற்றுவது என்று முடிவு செய்யும் இடத்தில் அந்தக் கொள்கை நடைமுறைக்கு வருவதுதான் அதற்குச் சோதனை.

பயணத்தின் திசையும் மாறிக்கொண்டிருக்கிறது. 1960-களிலேயே கேரளத்து அருட்சகோதரிகள் ஜெர்மனியின் மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் செல்லத் தொடங்கினார்கள். இப்போது ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் இந்தியச் சகோதரிகள் பள்ளியும் மருந்தகமும் நடத்துகிறார்கள். அங்கே வெளிநாட்டவர்கள் அவர்களே. அந்நாட்டு அரசுகளிடம் விசாவுக்கும் அனுமதிக்கும் வரிசையில் நிற்பவர்களும் அவர்களே. நாம் அவர்களுக்கு அங்கே எதிர்பார்க்கும் மரியாதையை இங்கே வருபவர்களுக்கும் தருவது நியாயம்.

தேவை ஒரு சிறு வாசல்

பன்னிரண்டு பெண்கள் வந்து ஓடு அடுக்குவதால் மட்டும் நாட்டில் எந்தப் பெரிய மாற்றமும் நேராது. அவர்கள் வராமல் போனாலும் நாடு நின்றுவிடாது. அவர்களால் கிடைக்கும் உண்மையான பலன் வேறு. தூரத்து விடுதி ஒன்றைக் கண்ணால் கண்டவர்கள், ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் அதை நினைவில் வைத்து உதவுகிறார்கள். நம் சட்டமோ அவர்களுடைய கைகளை ஒரு மாதம் அனுமதித்துவிட்டு, அந்த நினைவின் விளைவாக வரும் சிறு தொகையைப் பெரும் தொகைகளுக்கு உரிய அதே தராசில் நிறுக்கிறது. கோடிகளைக் கையாளும் நிறுவனத்துக்கும் ஒரு கூரைக்கான ஓட்டுக்கும் ஒரே படிவம், ஒரே காத்திருப்பு.

இதற்குச் சட்டத்தின் நோக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஏற்கெனவே உள்ள பள்ளி, விடுதி, மருந்தகம் ஆகியவற்றின் பழுதுபார்ப்புக்கு மட்டும், ஓர் உச்சவரம்புக்குள், காலக்கெடுவுடன் கூடிய முன் அனுமதி முறை ஒன்றை விதிகளிலேயே ஏற்படுத்தலாம். மாவட்ட ஆட்சியர் கட்டடத்தைப் பார்வையிட்டுச் சான்றளிக்கலாம். வேலை முடிந்ததும் ரசீதுகளையும் படங்களையும் பொதுத் தளத்தில் வெளியிடச் சொல்லலாம். உள்நாட்டுப் பணமும் வெளிநாட்டுப் பணமும் கலந்த கட்டடங்களில் 15-ம் பிரிவு எதுவரை செல்லும் என்பதையும், உள்ளே படிக்கும் பிள்ளைகளுக்கு இடையூறு வராது என்பதையும் தெளிவுபடுத்தலாம். மசோதா எந்தக் கட்சியுடையதாக இருந்தாலும், இத்தகைய நுணுக்கங்களைப் பரிசீலிக்கத்தான் நிலைக்குழுக்கள் இருக்கின்றன.

திருச்சபைக்கும் ஒரு கடமை உண்டு. நகரத்துப் பேராலயங்களின் உண்டியலில் விழும் உள்நாட்டுப் பணத்துக்கு எந்த அமைச்சகத்தின் அனுமதியும் தேவையில்லை. அதில் ஒரு பங்கை மலைக்கிராம மடங்களின் மராமத்துக்கென்று ஒதுக்கி, அதைச் செலவிடும் பொறுப்பை அங்குள்ள அருட்சகோதரிகளிடமே விட்டுவிட்டால், விருந்தினர் வரவுக்காகக் கூரை காத்திருக்க வேண்டியதில்லை. வரும் பெண்கள் வரட்டும். ரேஜாக்களோடு சேர்ந்து வேலை செய்யட்டும். அவர்களிடம் கற்றுக்கொண்டும் போகட்டும். ஆனால் ஜூன் மாதத்துக்கு முன் ஓடு மாறியிருக்க வேண்டும். விடுதியில் உறங்கும் பிள்ளைகளுக்கு அதுவே முக்கியம்.